இன்ட்டில் கொள்ளாத ஏரி

ஜாவா நிரலைக் கட்டளை வரியிலிருந்து தொகுத்து இயக்குவது இரண்டு வரி வேலை. முதல் வரியில் ஜாவாசி என்றெழுதிக் கோப்பின் பெயரைத் தருகிறோம். இரண்டாம் வரியில் ஜாவா என்றெழுதி வகுப்பின் பெயரைத் தருகிறோம். இந்த இரண்டு வரிகளுக்கு இடையில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. ஆறாவது ஞாயிறன்று அதை நாங்களே ஒருமுறை மறந்துபோனோம். அதைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

நாங்கள் மூவர். செம்பரம்பாக்கத்தில், ஏரிக்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், நண்பர் ஒருவரின் மாடி அறையில் கல்லூரிப் பிள்ளைகள் சிலருக்கு வகுப்பெடுக்கிறோம். பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையில் நெடுஞ்சாலையோரம் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. பிள்ளைகள் தேர்வில் ஜாவாவை எழுதித் தேறியும் விடுகிறார்கள். ஆனால் பச்சை முக்கோணப் பொத்தானை அழுத்தினால் நிரல் ஓடும் என்பதற்கு மேல் பலருக்குத் தெரிவதில்லை. பொத்தான் இல்லாத கணினியைக் கண்டால் திகைத்து நிற்கிறார்கள்.

எங்களிடம் இருந்தவை அப்படிப்பட்ட கணினிகளே. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் இப்பிள்ளைகளின் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் கிடைத்தவை. பெரிய நிரலாக்கச் சூழல்களைத் திறந்தால் மூச்சு வாங்கும். ஆகவே எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவி, கறுப்புத் திரையில் மினுக்கும் சுட்டியோடு வகுப்பைத் தொடங்கினோம். வறுமையில் பிறந்த ஏற்பாடுதான். இப்போது புதிய கணினிகள் கிடைத்தாலும் இப்படியே தொடங்குவோம் என்று தோன்றுகிறது.

ஜாவாசி செய்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில் முதல் நாளே எங்களுக்குள் வழக்கு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நிரல்பெயர்ப்பி என்கின்றன. தொகுப்பி என்போரும் உண்டு. எங்களில் ஒருவருக்குத் தொகுப்பி என்ற சொல்லின்மேல் காதல். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்று நம் மரபு இரண்டு பேரையும் தனித்தனியே நினைவில் வைத்திருக்கிறதல்லவா? ஜாவாசி கிழார் என்றால் விசைப்பலகையில் கைவைத்திருப்பவன் சேரமான் என்பார் அவர். வரலாற்றிலும் அவருக்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. 1952இல் கிரேஸ் ஹாப்பர் ஏ-0 என்ற முதல் தொகுப்பியை எழுதியபோது, அது முன்பே எழுதிவைத்த துணைநிரல்களை எடுத்துக் கோத்துத் தருவதாகவே இருந்தது. நேர்ப்பொருளில் தொகுப்பு. ஆனால் ஜாவாசி அப்படி எதையும் கோப்பதில்லை. நாம் எழுதியதைப் படித்து, ஜாவா எந்திரம் என்றழைக்கப்படும் கற்பனைக் கணினியின் மொழிக்குப் பெயர்த்து, கிளாஸ் என்ற பின்னொட்டுள்ள கோப்பாக எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பதினாறின் அடிமானத்தில் எழுதினால் கஃபேபேப் என்று படிக்கக்கூடிய எண்ணோடு அந்தக் கோப்பு தொடங்கும். ஜாவாவை ஆக்கியவர்களின் காப்பிக்கடை விளையாட்டு அது. இயக்குவது வேறொருவரின் வேலை; ஜாவா என்ற இரண்டாம் கட்டளையின் வேலை. ஆகவே பெயர்ப்பி என்பதே பொருத்தம் என்பது மற்ற இருவரின் கட்சி. வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இரண்டு கட்டளைகளின் வேறுபாட்டைப் பிள்ளைகள் பிழைகளின் வழியாகவே கற்றார்கள். இயக்கும்போதும் கோப்பின் பெயரைத் தர வேண்டும் என்று நினைத்து, கிளாஸ் என்ற பின்னொட்டையும் சேர்த்து எழுதுவார்கள். அப்படியொரு வகுப்பே இல்லை என்று எந்திரம் கைவிரிக்கும். கோப்பு கண்ணெதிரே இருக்கிறதே என்று கோபம் வரும். ஜாவாசிக்கு வேண்டியது கோப்பு. ஜாவாவுக்கு வேண்டியது பெயர். நடுவில் வரும் புள்ளியை அது தொகுதிப் பெயருக்கும் வகுப்புப் பெயருக்கும் இடையிலான பிரிப்பாக எடுத்துக்கொண்டு, இல்லாத ஊரில் போய்த் தேடும். இன்னொரு பையன் கல்லூரியில் ஜாவா 21இல் பெயர்த்த கிளாஸ் கோப்பை நினைவுக்குச்சியில் கொண்டுவந்தான். எங்களிடம் இருப்பது ஜாவா 17. கோப்பின் பதிப்பு 65, எனக்குத் தெரிந்தது 61 வரைதான் என்று எந்திரம் திருப்பி அனுப்பிவிட்டது. இத்தகைய பிழைகள் நல்ல பிழைகள். சத்தம் போடுகின்றன.

2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11 முதல், ஒற்றைக் கோப்பு நிரலாயின் ஜாவா என்ற கட்டளைக்கே மூலக் கோப்பைக் கொடுத்துவிடலாம். அதுவே நினைவகத்தில் பெயர்த்து ஓட்டிவிடும். 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25இல், ஒரு தலைமுறையே பொருள் தெரியாமல் மந்திரம்போல் ஒப்பித்த பப்ளிக் ஸ்டேட்டிக் வாய்ட் மெயின் என்ற வரியையும் சுருக்கி எழுதலாம். தொடங்குவோருக்கு நல்லதுதான். நாங்கள் மட்டும் பிடிவாதமாக இரண்டு வரிகளையும் தனித்தனியே எழுதவைக்கிறோம். பெயர்ப்பதும் இயக்குவதும் வேறு வேறு நேரங்களில் நடக்கின்றன என்பதைக் கை அறிந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

ஐந்தாம் வாரம் ஏரிக் கணக்கைக் கையில் எடுத்தோம். தொலைவில் தேடுவானேன், மாடியிலிருந்து பார்த்தால் கரை தெரிகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நம் வழக்கில் 364 கோடியே 50 லட்சம் கன அடி. முழு ஆழம் 24 அடி. மதகு வழியே வெளியேறும் நீரை வினாடிக்கு இத்தனை கன அடி என்று செய்தித்தாள்கள் மழைக்காலந்தோறும் அச்சிடுகின்றன. ஏரி நிறைந்திருக்கிறது, புதிதாக நீர் வரவில்லை என்று வைத்துக்கொண்டு, வெளியேற்றத்தையும் மணி நேரத்தையும் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று சொல்லும் நிரல். உண்மையான ஏரி இவ்வளவு எளிதாக நடந்துகொள்ளாது என்று முன்னரே சொல்லிவிட்டோம். எளிய கணக்கு: வெளியேற்றத்தை மணியாலும் 3,600ஆலும் பெருக்கி, கொள்ளளவிலிருந்து கழிக்க வேண்டும். இரண்டு எண்களும் கட்டளை வரியிலேயே, வகுப்பின் பெயருக்குப் பின்னால் வரும்.

வகுப்பின் பெயரைத் தமிழிலேயே ஏரி என்று வைக்கலாமா என்று கேட்டாள் ஒரு மாணவி. தாராளமாக வைக்கலாம். ஜாவா தொடக்கம் முதலே யூனிகோடை ஏற்றுக்கொண்ட மொழி. கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருந்தாக வேண்டும், ஆனால் நாம் இடும் பெயர்கள் எந்த மொழியிலும் இருக்கலாம். உயிர்மெய்யில் ஒட்டிக்கொண்டிருக்கும் கொம்பும் காலும் சுழியும்கூடத் தடையில்லை. ஒரு காலத்தில் இதற்கு ஜாவாசியிடம் கோப்பின் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று தனியே சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல மறந்தால் ஏரி வேற்று எழுத்துகளின் குப்பையாகும். 2022இல் வந்த ஜாவா 18 முதல் அதுவே இயல்புநிலை. எங்கள் லினக்ஸிலும் அப்படியே அமைந்திருந்தது. ஏரி என்று பெயரிட்ட கோப்பைக் கொடுத்து ஜாவாசியை அழைத்தபோது, அது ஒரு சொல்லும் பேசாமல் அடுத்த வரிக்கு வந்து நின்றது. அறையில் சிறு ஆரவாரம்.

கட்டளை வரியில் வருவது எதுவும் எந்திரத்துக்கு எண் அன்று, எழுத்துக்கோவைதான். அதை எண்ணாக மாற்ற பார்ஸ்இன்ட் என்ற செயலியை அழைக்க வேண்டும். ஒருவன் செய்தித்தாளில் இருந்ததுபோலவே 29,000 என்று காற்புள்ளியோடு எழுதினான். எண்ணின் வடிவம் சரியில்லை என்று பார்ஸ்இன்ட் மறுத்தது. காற்புள்ளியை எடுத்ததும் ஏற்றது. அப்போது எங்களில் ஒருவர் வேடிக்கைக்காக ௨௯௦௦௦ என்று தமிழ் எண்களில் எழுதினார். முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொண்டது! யூனிகோடில் பதின்ம இலக்கமாக வகைப்படுத்தப்பட்ட எவ்வெழுத்தும் அதற்கு இலக்கமே. காற்புள்ளியைப் பொறுக்காத ஒன்று, நாமே பயன்படுத்த மறந்த எண்களை மதித்து வாங்கிக்கொண்டது எங்களுக்குக் கொஞ்சம் வெட்கத்தையும் தந்தது.

அந்த 29,000 என்ற எண்ணுக்கு இங்கே வேறு பொருள் உண்டு. 2015 டிசம்பர் 1ஆம் தேதி ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் உச்சத்தில் வினாடிக்கு 29,000 கன அடி என்பது அரசு சொன்ன கணக்கு. உபரிநீர் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை வழியாக அடையாற்றில் சேர்ந்து நகரத்துக்குள் புகுந்தது. வெள்ள எச்சரிக்கைகளில் ஆண்டுதோறும் இதே ஊர்ப் பெயர்கள் இதே வரிசையில் வருவதால் பிள்ளைகளுக்கு அவை மனப்பாடம். வகுப்புக்குத் தமிழ்ப் பெயர் கேட்ட மாணவி அவற்றுள் ஓர் ஊரைச் சேர்ந்தவள். அன்று அவளுக்குப் பத்து வயது. இரண்டு இரவுகள் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் இருந்தார்களாம். இதை அவள் முன்பே எங்களிடம் சொல்லியிருந்தாள். எண்ணைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான்.

நிரலை ஆறாவது வாரம் அவளே எழுதினாள். கொள்ளளவை எழுதிய வரியில் ஜாவாசி முதன்முறையாக உறுமியது: முழுஎண் மிகப் பெரிது. ஜாவாவில் இன்ட் என்ற முழுஎண்ணுக்கு 32 துணுக்குகள்தான் இடம். அதில் கொள்ளும் மிகப்பெரிய எண் 214,74,83,647. ஏரியின் கொள்ளளவோ 364,50,00,000. செம்பரம்பாக்கம் இன்ட்டில் கொள்ளவில்லை! 64 துணுக்குகள் கொண்ட லாங் என்ற வகையாக அறிவித்து, எண்ணின் இறுதியில் எல் என்ற எழுத்தைச் சேர்க்கச் சொன்னோம். சேர்த்தாள். ஜாவாசி அமைதியானது.

10 மணி நேரம் கொடுத்தாள். மீதி 260,10,00,000. தாளில் போட்டுப் பார்த்தோம், சரி. பிறகு ஒரு நாள் முழுவதும் ஓடினால் என்று 24ஐக் கொடுத்தாள். திரையில் வந்த மீதி 543,43,67,296.

அறை ஒரு கணம் பேசவில்லை. பின்னர் அவள் சொன்னாள்: "கரெக்டாத்தான் சார் இருக்கு. அன்னிக்குத் தொறந்தும் ஏரில தண்ணி கொறையலன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. ஏறிக்கிட்டேதான் இருந்துச்சாம்."

நாங்கள் தலையாட்டினோம். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்களில் ஒருவர் அதற்கு விளக்கம் சொல்லவும் தொடங்கிவிட்டார்: மேலிருந்து வரத்து அதிகமாக இருந்தால் மதகைத் திறந்தும் மட்டம் உயரலாம், அன்றைய மழை அப்படி என்று. சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். நிரலில் வரத்துக்கு ஒரு வரியும் இல்லையே? மழை எங்கிருந்து வந்தது? அதோடு, 364 கோடி கொள்ளும் ஏரியில் 543 கோடி எப்படி நிற்கும்? இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நிரல் எழுதுகிறவர்கள் நாங்கள். ஒரு தவறான எண்ணை நம்பினோம். நம்பியது மட்டுமில்லை, அதற்கு மழையையும் வரவழைத்தோம். அவள் நினைவில் இருந்ததோடு எண் ஒத்துப்போனது, அவ்வளவுதான்.

20 மணி கொடுத்துப் பார்க்கச் சொன்னோம். 155,70,00,000. சரியான விடை. 21 கொடுத்தாள். 574,75,67,296. இருபதாம் மணி வரை ஒழுங்காக இறங்கிவந்த ஏரி, இருபத்தோராம் மணியில் நான்கு மடங்குக்கு அருகில் எகிறிவிட்டது.

"தப்புன்னா அது ஏன் சார் சொல்லல? மொதல்ல சொல்லிச்சே?" என்றாள்.

கொள்ளளவு நிரலிலேயே எழுதப்பட்ட எண். பெயர்க்கும்போது ஜாவாசியின் கண்ணில் பட்டது, தடுத்தது. 29,000மும் 24உம் ஓடும்போது கட்டளை வரியிலிருந்து வந்தவை. அப்போது ஜாவாசி அந்த இடத்திலேயே இல்லை. அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் ஒற்றுப்பிழையைத் திருத்துவார். கதையில் சொல்லப்பட்ட செய்தி உண்மையா என்று பார்ப்பது அவர் வேலையன்று, அதிலும் கதை அச்சாகிப் படிக்கப்படும்போது அவர் வீட்டுக்குப் போயிருப்பார். இருக்கும் எச்சரிக்கைகளையெல்லாம் சொல் என்று எக்ஸ்லின்ட் விசையைச் சேர்த்தும் கேட்டோம். அப்போதும் ஜாவாசி வாய் திறக்கவில்லை. மொழியின் விதிப்படி அந்த வரியில் பிழையே கிடையாது. இன்ட்டை இன்ட்டால் பெருக்கினால் இன்ட். விளிம்பைத் தாண்டினால் மறுபக்கத்து எதிர்க்குறியிலிருந்து தொடரும். பழைய மின்கட்டண அளவியில் 9999க்கு அடுத்து 0000 வருவதுபோல. இங்கே சுழியத்துக்குப் பதில் மிகப்பெரிய எதிர்மறை எண் வருகிறது, அவ்வளவே வேறுபாடு. 250,56,00,000 என்று வர வேண்டிய பெருக்கம் எதிர்மறை 178,93,67,296 ஆகிவிட்டது. எதிர்மறையைக் கழித்தால் கூடும். ஏரி பொங்கிற்று.

"நான்தான் லாங்னு போட்டனே சார்" என்று அவள் விடவில்லை. நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல, ஜாவாப்பி என்ற மூன்றாவது கட்டளையை அன்று அறிமுகம் செய்தோம். கிளாஸ் கோப்பைப் பிரித்து, எந்திரத்துக்கு எழுதப்பட்ட கட்டளைகளை மனிதர் படிக்கும்படி வரிவரியாகக் காட்டுவது அது. சி என்ற விசையோடு ஏரி என்று தந்தோம். ஐமல், பிறகு இன்னொரு ஐமல், அதற்கும் பிறகு ஐ2எல், கடைசியில் எல்சப். இன்ட்டாகப் பெருக்கு, மறுபடியும் இன்ட்டாகப் பெருக்கு, இப்போது லாங்காக மாற்று, கழி. விரிவான கலத்துக்கு மாற்றியது பெருக்கிய பின்னர். சிந்திய நீரைப் பெரிய அண்டாவில் வாரி ஊற்றியதுபோல. அவள் திரையில் ஐ2எல் என்ற வரியை விரலால் தொட்டுக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். "லேட்டா வந்திருக்கு" என்றாள்.

பெரியவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள் என்று ஆறுதலுக்காகச் சொன்னோம். ஜாவாவின் சொந்த நூலகத்தில், இருபாதித் தேடல் செயலியில், இரண்டு எண்களைக் கூட்டிப் பாதியாக்கும் வரியொன்று இருந்தது. கூட்டல் இன்ட்டின் விளிம்பைத் தாண்டினால் நடுவிடம் எதிர்மறையாகிவிடும். அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் அப்பிழையை வெளிப்படையாக எழுதினார். ஒன்பது ஆண்டுகளளவு யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. பட்டியல்கள் சிறியவையாக இருந்தவரை விடை சரியாகவே வந்துகொண்டிருந்தது. எங்கள் ஏரியும் இருபது மணி வரை சரியாகத்தானே இருந்தது?

திருத்தம் ஓரெழுத்து. 3,600க்குப் பின்னால் ஓர் எல். பெயர்த்து, ஜாவாப்பியில் பார்த்தால் ஐ2எல் மேலே ஏறி, இரண்டாம் ஐமல் இருந்த இடத்தில் எல்மல் வந்திருந்தது. 24 மணிக்கு மீதி 113,94,00,000. 2014இல் வந்த ஜாவா 8 முதல், மல்டிப்ளைஎக்ஸாக்ட் என்ற செயலியும் உண்டு. அது விளிம்பைத் தாண்டினால் தவறான எண்ணைத் தராமல் நிரலையே நிறுத்திவிடும். எது நல்லது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. அறையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நிறுத்துவதே நல்லது என்றார்கள்.

அவள் திருத்துவதற்கு முன்பே பழைய கிளாஸ் கோப்பைப் பழசு என்றொரு கோப்புறையில் நகலெடுத்து வைத்திருந்தாள் என்பது அடுத்த வாரம்தான் எங்களுக்குத் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, சிபி என்ற விசையால் அந்தக் கோப்புறையைக் காட்டி 29000, 24 என்று கொடுத்தாள். பிறகு விசையில்லாமல் அதே எண்களைக் கொடுத்தாள். இரண்டு விடைகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் நின்றன. எது சரி என்று அவனைக் கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே இருந்ததைக் காட்டினான்.